படலையடி நாயும் இடம்வலம் மாறிய எழுத்தும்

அச்சுக்கோப்பரின் பதில்கள்

போன இதழில் என் பகுதியின் கடைசி மூலையில் இரண்டு விரற்கடை இடம் மிஞ்சியது. வெறுமையாக விட மனமில்லாமல் ஒரு வரியைப் போட்டேன்: "எசமானின் படலையில் பட்டினி கிடக்கும் நாய், அந்த நாட்டுக்கு வரப்போகும் அழிவைச் சொல்லும்." வரியைப் போட்டதும் இடம் முடிந்துவிட்டது, எழுதியவரின் பெயருக்கு இடம் காணவில்லை. அதன் பிறகு கடிதம், வாட்ஸ்அப், சந்தையில் மறித்துக் கேட்பது என்று ஒரு மாதமாக அந்த நாய் என்னைத் துரத்துகிறது. ஆகவே இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும்தான் பதில். நெல்லுக்கு இரண்டாம் பசளை எப்போது போடுவது என்று கேட்ட பரந்தன் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்க நான் சரியான ஆளும் இல்லை.

அந்த வரியைச் சொன்னது யார்? எந்த நாட்டு ஞானி? (வாசிகசாலைப் பொறுப்பாளர், முழங்காவில்)

லண்டன்காரர். பெயர் வில்லியம் பிளேக். 1757 நவம்பர் 28-ல் பிறந்தார். தகப்பனுக்குக் காலுறை விற்கும் கடை. பிளேக் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. பத்து வயதில் படம் கீறப் பழகப் போனார். 1772-ல் செம்புத் தகட்டில் படம் செதுக்கும் ஒருவரிடம் ஏழு வருடத்துக்குத் தொழில் பழகச் சேர்ந்தார். அப்புறம் சாகும்வரை அந்தத் தொழில்தான் சோறு போட்டது, போட்ட நாட்களில். 1827 ஆகஸ்ட் 12-ல் இறந்தபோது அவரைக் கவிஞராக அறிந்தவர்கள் மிகச் சிலர்.

நீங்கள் கேட்ட வரி அவர் இருந்த காலத்தில் அச்சேறவே இல்லை. கைப்பிரதியாகக் கிடந்து 1863-ல்தான் வெளியே வந்தது. அந்தப் பாட்டின் தொடக்கம் உலகம் முழுக்கத் தெரிந்த நாலு வரி: மணற்துகள் ஒன்றில் உலகத்தையும் காட்டுப் பூ ஒன்றில் சொர்க்கத்தையும் காண்பது, உள்ளங்கையில் முடிவில்லாததைப் பிடிப்பது, ஒரு மணி நேரத்துக்குள் நித்தியத்தை அடைப்பது. முதல் முறை கேட்டபோது எனக்குத் திருவாசகம்தான் வந்தது. திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர், நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்த அண்டங்கள் எல்லாம் "இன்னுழை கதிரின் துன்அணுப் புரைய" என்பார். கூரை ஓட்டைக்குள்ளால் வரும் வெயில் கீற்றில் தூசி பறக்குமே, அந்தத் தூசி அளவுதான் அண்டங்கள். கிடுகு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆனால் மாணிக்கவாசகர் அங்கிருந்து மேலே போகிறார். பிளேக் ஐந்தாவது வரியிலேயே கீழே இறங்கிவிடுகிறார். கூட்டில் அடைத்த ஒரு குருவி, அதைப் பார்த்துச் சொர்க்கம் முழுக்கக் கோபம் கொள்கிறதாம். பிறகு புறாக்கூடு. பிறகு எங்கள் நாய். அதற்குப் பிறகு தெருவில் அடி வாங்கும் குதிரை. அண்டத்தைக் காட்டிய கையோடு படலைக்கு வந்து நிற்கிற இந்த இறக்கம் எனக்குப் பிடிக்கும்.

மரத்தில் சம்மனசுகளைக் கண்டாராம் என்று வாசித்தேன். ஆளுக்கு விசரோ? (ஓய்வுபெற்ற தபாற்காரர், மாங்குளம்)

விசர்தான் என்று 1809-ல் ஒரு பத்திரிகை எழுதியேவிட்டது. தமையனின் காலுறைக் கடையில் தன் ஓவியங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார் பிளேக். ஆட்கள் அதிகம் வரவில்லை, படங்களும் விலைப்படவில்லை. வந்த ஒரே ஒரு விமர்சனம் அவரைப் பாவப்பட்ட பைத்தியக்காரர் என்றது.

சம்மனசு விஷயம் அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்தது. எட்டிலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும். லண்டனுக்குத் தெற்கே பெக்கம் ரை என்ற வெளியில் ஒரு மரம், கொப்பெல்லாம் செட்டைகள் மினுங்க நிறையச் சம்மனசுகள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். பொய் சொல்கிறான் என்று தகப்பன் அடிக்கக் கையோங்க, தாய் மறித்துவிட்டாள்.

இப்போது வற்றாப்பளைக்கு வாருங்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியளிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை ஊற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். நாங்கள் எல்லோரும் அம்மம்மா மடியில் படுத்துக் கேட்ட கதை இது. அந்தப் பொடியளுக்கு யாரும் அடித்ததாகக் கதையில் இல்லை. ஊர் கோயில் எடுத்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புத் தண்ணீரில்தான் விளக்கு எரிகிறது.

விசர் என்ற சொல்லும் எங்களிடம் அவ்வளவு லேசானதில்லை. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை ஊர் விசர்ச் செல்லப்பா என்றுதான் சொன்னது. அவருடைய சீடர் யோகர் சுவாமி, எங்கள் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளராக இருந்த மனிதர். சுந்தரர் கடவுளையே பித்தா என்றுதான் கூப்பிட்டார்.

ஆனால் அண்ணை, காட்சி கண்டவர் எல்லோரும் பிளேக் ஆகிவிடுவதில்லை. இந்த மனிதர் இரவு கண்டதைக் காலையில் எழும்பித் தகட்டில் இறக்கினார். பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்து நூறு தகட்டில் ஒரே புத்தகத்தைச் செய்தார், ஒவ்வொரு எழுத்தையும் இடம்வலம் மாற்றி எழுதி. அது விசர் என்றால் அப்படி விசர் பிடித்த இரண்டு பேரை நான் அந்தக் காலத்தில் வேலைக்கு வைத்திருப்பேன்.

ஏன் இடம்வலம் மாற்றி எழுத வேண்டும்? எப்படித்தான் அச்சடித்தார்? நான் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். (இளைஞர், கிளிநொச்சி)

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நான் 1974-ல் பதினாறு வயதில் அச்சுக்கோர்க்கப் போனவன். ஈய எழுத்து எப்போதும் கண்ணாடியில் பார்த்தது போலத்தான் இருக்கும். கடதாசியில் அழுத்தும்போதுதான் நேராகும். முதல் மூன்று மாதம் தலைவலி. அதன் பிறகு நேராக எழுதிய பெயர்ப்பலகைதான் பிழையாகத் தெரியத் தொடங்கும். என் உயிரை வாங்கிய எழுத்து ர-வும் துணைக்காலும். இரண்டும் ஒரே உருவம், உயரத்தில் மயிரிழை வித்தியாசம். யாரோ ஒரு பொடியன் பெட்டியில் மாற்றிப் போட்டுவிட்டால் அன்று முழுக்கப் பிழைதிருத்தம்தான்.

பிளேக் காலத்தில் ஒரு புத்தகத்துக்கு எழுத்தை ஓரிடத்தில் கோர்ப்பார்கள், படத்தை இன்னோரிடத்தில் செம்புத் தகட்டில் செதுக்குவார்கள். இரண்டுக்கும் வேறு இயந்திரம், வேறு கூலி. பிளேக்கிடம் அந்தக் காசு இல்லை. அவருடைய தம்பி ரொபர்ட் 1787-ல் நோயில் செத்துப்போனான். கடைசி நாட்களில் பிளேக் நித்திரை கொள்ளாமல் பக்கத்திலேயே இருந்தார். உயிர் கூரைக்குள்ளால் கைதட்டிக்கொண்டு சந்தோஷமாக மேலே போனதைக் கண்டேன் என்றார். பிறகு அந்தத் தம்பிதான் காட்சியில் வந்து வழியைச் சொல்லிக் கொடுத்தானாம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, வழி சரியானது. வேலை செய்கிறது.

அது இப்படி. சாதாரணமாகச் செம்பில் கீறினால் பள்ளத்தில் மை நிற்கும், பள்ளம்தான் அச்சாகும். பிளேக் அதை மறுதலையாக்கினார். அமிலம் அரிக்காத வார்னிஷைத் தூரிகையில் தொட்டு, எழுத்தையும் படத்தையும் தகட்டில் நேரடியாக எழுதினார், எல்லாம் கண்ணாடி எழுத்தில், வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக. தகட்டைச் சுற்றி மெழுகால் வரம்பு கட்டினார், வயலுக்குக் கட்டுகிற மாதிரி. உள்ளே அமிலத்தை ஊற்றினார். வார்னிஷ் இல்லாத இடமெல்லாம் அரித்துத் தாழ, எழுத்தும் படமும் மேடாக நின்றன. மேட்டில் மை, எங்கள் ஈய எழுத்து மாதிரியே. கறுப்பு மட்டுமில்லை, மண்ணிறம், பச்சை, நீலம் என்று மை போட்டார். வீட்டில் இருந்த உருளை இயந்திரத்தில் ஒவ்வொரு தாளாக உருட்டி எடுத்து, காய்ந்த பிறகு தண்ணீர் வர்ணத்தால் கையால் தீட்டினார். ஒரு பிரதி போல இன்னொரு பிரதி இருக்காது. 1789-ல் குழந்தைப் பாட்டுகள் இப்படித்தான் புத்தகமாக வந்தன. 1794-ல் அதற்கு எதிர்ப்பாட்டுகள், கசப்பானவை, அதே முறையில்.

செம்பு விலை கூடியது. பல தகடுகளில் பின்பக்கத்தையும் பயன்படுத்தினார். அவ்வளவு தகடுகளில் இன்றைக்கு எஞ்சியிருப்பது உடைந்த ஒரு துண்டுதான்.

போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் அச்சகத்திலும் ஒரு ரொபர்ட் தேவைப்பட்டான். படத்துக்கு புளொக், அதாவது அச்சுக்கட்டை, செய்யக் கொழும்புக்கு அனுப்ப வழியில்லை. நான் பழைய ரப்பர்ச் செருப்பின் அடியைச் சவர பிளேட்டால் செதுக்கத் தொடங்கினேன். கலியாண அட்டைக்குக் குத்துவிளக்கு, அந்தியேட்டி அட்டைக்குத் தாமரை. ஒருமுறை அவசரத்தில் மாப்பிள்ளையின் பெயரைச் செருப்பில் நேராகவே செதுக்கிவிட்டேன். அச்சடித்துப் பார்த்தால் அந்த மனிதர் கண்ணாடிக்குள் போய்விட்டார். ஒரு செருப்பு வீண். மற்றச் செருப்பு தனியாக வருடக்கணக்கில் அச்சகக் கதவடியில் கிடந்தது.

உங்கள் பிளெக்ஸில் பிழை வந்தால் கணினியில் ஒரு தட்டுத் தட்டித் திருத்துவீர்கள். பொறாமையில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

எல்லாம் அவர் செய்தார், அவர் செய்தார் என்கிறீர்கள். மனுசி ஒன்றும் செய்யவில்லையா? (தையல் ஆசிரியை, வவுனிக்குளம்)

சரியான அடி. கத்தரின் பௌச்சர் என்பது பெயர். 1782-ல் கலியாணம். தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி போட்டார், எழுதத் தெரியாது. பிளேக் எழுத வாசிக்கப் பழக்கினார். பிறகு மை பூசுவது, அச்செடுப்பது, வர்ணம் தீட்டுவது எல்லாம் அவருடைய கையிலும்தான். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் தாள்களில் எந்த நீலம் யாருடைய கை என்று பிரிப்பது லேசில்லை.

வீட்டில் காசு முடிந்துவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டாராம். சாப்பாட்டு நேரத்தில் வெறும் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாராம். பிளேக் எழும்பிப் போய்க் கூலி வேலைக்குரிய செதுக்குக் கருவியை எடுப்பார். காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கோப்பையைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாம்.

என் வீட்டில் இருபது வருடமாகப் பில் புத்தகங்களுக்குத் தாள் அடுக்கி, இலக்கம் குத்தி, தைத்தது என் மனுசி. அச்சக முத்திரையில் இருந்தது என் பெயர் மட்டும். உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு தேத்தண்ணி கொஞ்சம் பிந்தி வந்தது.

ஜெயிலுக்குப் போனாரா? (பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்)

போகவில்லை, தப்பினார். 1800-ல் கடற்கரையோரம் ஃபெல்பம் என்ற ஊரில் ஒரு குடிலுக்குக் குடிபோய் மூன்று வருடம் இருந்தார். 1803-ல் ஒரு நாள் தன் தோட்டத்துக்குள் நின்ற சிப்பாய் ஒருவனை வெளியே போகச் சொன்னார். அவன் போகவில்லை. முழங்கையைப் பிடித்துத் தெரு வழியே தள்ளிக்கொண்டு போய் விட்டார். அரசருக்கு எதிராகக் கதைத்தார் என்று சிப்பாய் முறைப்பாடு கொடுத்தான், தேசத்துரோக வழக்கு. 1804 ஜனவரியில் விடுதலை.

வளவுக்குள் நிற்கிற சிப்பாயைப் பற்றி ஒட்டுசுட்டானுக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

எங்கள் ஆங்கில ரீச்சர் அவருடைய புலிப் பாட்டைப் பாடமாக்கச் சொன்னா. அதில் என்ன இருக்கிறது? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

முதலில் ஒரு விஷயம், பிள்ளை. அந்தச் சொல்லை இந்த மண்ணில் எழுதும்போது என் வயதுக்காரரின் கை ஒரு கணம் நிற்கும். இது காட்டு மிருகத்தைப் பற்றிய பாட்டு. எங்கள் காட்டில் இருப்பது சிறுத்தை. பிளேக் சொல்வது கோடுபோட்டது.

ஆறு பத்தி. முழுக்கக் கேள்விகள். இரவுக் காட்டில் எரிகிற உன்னை எந்தக் கை செய்தது, எந்தச் சம்மட்டி, எந்த உலை, எந்தச் சங்கிலி? கேட்கிறவர் யார் என்று பாருங்கள்: ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்காரரின் வேலையைப் பார்த்து வாய்பிளந்து கேட்பது போல இருக்கும். நடுவில் ஒரு கேள்வி: ஆட்டுக்குட்டியைச் செய்தவன்தானா உன்னையும் செய்தான்? பதில் இல்லை. கடைசிப் பத்தி முதல் பத்தியேதான், ஒரே ஒரு சொல் மாற்றம். முதலில் 'யாரால் முடிந்தது' என்கிறவர், கடைசியில் 'யாருக்குத் துணிவு வந்தது' என்கிறார். சோதனையில் இந்த ஒரு சொல்லைக் கவனித்து எழுதினாலே போதும்.

இணையத்தில் அந்தத் தகட்டின் படத்தையும் பாருங்கள். பிளேக்கின் வேலைகளைப் படத்தோடு காட்டும் காப்பகம் ஒன்று 1996 முதல் இருக்கிறது, காசு இல்லை. இவ்வளவு பயங்கரமான பாட்டுக்குக் கீழே நிற்கிற புலி சாதுவாக, பஞ்சடைத்த பொம்மை மாதிரி இருக்கும். ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் புலியைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிறகு பாட்டை வாசித்தால் சிரிப்பு நின்றுவிடும். கேள்வி பதில் எழுதிப் பிழைக்கிற எனக்கு, பதிலே இல்லாமல் ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதில் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

வெள்ளைக்காரக் கவிஞர் எங்கள் ஆட்களுக்கு என்ன சம்பந்தம்? மாதம் முழுக்க அவருக்குத்தான் இடமோ? (கமக்காரர், உருத்திரபுரம்)

சம்பந்தம் தேடிப் போகத் தேவையில்லை, அவரே வந்தார். பகவத் கீதை 1785-ல் முதன்முதலாக ஆங்கிலத்தில் வந்தது, சார்ள்ஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்தது. நான் மேலே சொன்ன 1809 கண்காட்சியில் பிளேக் வைத்த படங்களில் ஒன்று, வில்கின்ஸ் பிராமணர்களோடு இருந்து கீதையை மொழிபெயர்க்கிற காட்சி. அந்தப் படம் தொலைந்துவிட்டது. விவரப் பட்டியலில் அவர் எழுதிய குறிப்பு மட்டும் இருக்கிறது. காலுறைக் கடைக்குள் கீதை!

அடுத்தது கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-ல் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். இங்கிலாந்தில் வளர்ந்து, கனிய வள ஆய்வுக்கு இலங்கை திரும்பி வந்தவர், கல்லைப் பார்க்க வந்து கைவினைஞர்களைப் பார்த்து மனம் மாறியவர். பிளேக்கில் ஊறியவர், தன் கட்டுரைகளில் அவரை மேற்கோள் காட்டுவார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய புத்தகத்தை 1908-ல் கை இயந்திரத்திலேயே அச்சிட்டு எடுத்தார். எழுதுகிறவன் அச்சு வேலையையும் தன் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

1912-ல் தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய ஐரிஷ் கவிஞர் யேட்சுக்கும் தாகூரின் குரலுக்குப் பக்கத்தில் வைக்க நினைவில் வந்த பெயர்களில் ஒன்று பிளேக்.

மாதம் முழுக்க இல்லை அண்ணை, இந்த ஒரு மாதம்தான்.

மகன் லண்டனில். லீவு நாளில் எங்கே போய்ப் பார்க்கலாம்? (தாய், கனகராயன்குளம்)

அவர் குடியிருந்தவற்றில் லண்டனில் மிஞ்சியிருப்பது சவுத் மோல்டன் தெரு வீடு. லாம்பெத்தில் இருந்த வீடு போய்விட்டது. ஆனால் அதற்குப் பக்கத்தில் ரயில் பாலத்துக்குக் கீழே சுவர்களில் அவருடைய படங்களைச் சிறு சிறு கற்களால் பதித்திருக்கிறார்கள். ஓவியங்களுக்கு டேற் பிரிட்டன் கலைக்கூடம். பிரிட்டிஷ் நூலக முற்றத்தில் கவராயத்தோடு குனிந்திருக்கும் ஒரு பெரிய வெண்கல மனிதன், நியூட்டன். பிளேக் 1795-ல் செய்த படத்தைப் பார்த்து 1995-ல் வைத்தது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் இருக்கிற அழகான பாறையைக் காணாமல் அளந்துகொண்டே இருக்கிற மனிதனாகத்தான் பிளேக் நியூட்டனைக் கீறினார். கேலியை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்து கிரிக்கெட் பார்க்கப் போனால், ஆட்டத்துக்கு முன் மைதானமே எழும்பி நின்று 'ஜெருசலேம்' என்று ஒரு பாட்டுப் பாடும். அதுவும் பிளேக்தான், 1916-ல் ஹியூபர்ட் பாரி இசையமைத்தது. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியபோதும் அதைப் பாடினார்கள்.

கடைசியாக பன்ஹில் ஃபீல்ட்ஸ் சேமக்காலை. பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள், கல் வைக்கவில்லை. சரியான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 2018 ஆகஸ்ட் 12-ல்தான் அந்த இடத்தில் ஒரு கல் வைத்தார்கள். நூற்றுத்தொண்ணூற்றொரு வருடம். மகனிடம் ஒரு பூ வைக்கச் சொல்லுங்கள், தாயே. கல்லில்லாத குழி எங்களுக்குப் புதிதில்லைத்தானே.

இன்றைக்கும் அவருடைய செல்வாக்கு இருக்கிறதென்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (ஆசிரிய பயிலுநர், வவுனியா)

பட்டியல் வேண்டுமென்றால் தரலாம். கின்ஸ்பெர்க் என்ற அமெரிக்கக் கவிஞர் 1948-ல் நியூயோர்க்கில் தன் அறைக்குள் பிளேக்கின் குரலையே கேட்டேன் என்றார். புலன்களின் கதவுகளைத் துடைத்தால் எல்லாம் முடிவில்லாததாகத் தெரியும் என்ற பிளேக்கின் வசனத்திலிருந்து 'டோர்ஸ்' என்ற பாட்டுக்குழுவுக்குப் பெயர் வந்தது. 2019-ல் அவர் பிறந்த நாளில் சென் போல்ஸ் தேவாலயக் கூரையில் அவருடைய படத்தை ஒளியாகப் பாய்ச்சினார்கள். எனக்கு இந்தப் பட்டியல் சீக்கிரம் அலுத்துவிடும். காலுறைக் கடைக்கு வராதவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

செல்வாக்கு என்று சொல்லிப் பெரிதாக நினைக்கவும் வேண்டாம். புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட சிறுவனைப் பற்றி 1789-ல் எழுதினார். நாக்குத் திருந்தும் முன்னே தகப்பன் விற்றுவிட்டான், கூவி வேலை கேட்கச் சொன்னால் அழுகைதான் வருகிறது என்று அந்தப் பிள்ளையே சொல்கிற பாட்டு. பிள்ளைகளைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவதை நிறுத்துகிற பலமான சட்டம் வந்தது 1875-ல். எண்பத்தாறு வருடம். பாட்டுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தெரிந்த செல்வாக்கு இவ்வளவுதான்: எண்பதுகளில் ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்ரர் ஒருவர் எங்கள் அச்சகத்தில் கோயில் மலர் ஒன்று அடிப்பித்தார். கோயில் பாதிக் காசுதான் கொடுத்தது. மீதிக்கு அவர் தன்னிடமிருந்த பிளேக் புத்தகத்தை மேசையில் வைத்தார். "உனக்குத்தான் இந்த ஆள் விளங்குவார், நீ எழுத்தை மறுபக்கமாகப் பார்க்கிறவன்" என்றார். எனக்கு இங்கிலீசு போதாது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் காலால் மிதித்து அச்சடிக்கும் திரெடில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லுவார். மை காயும் வரை ஒரு பாட்டு.

2009 தை மாதம் வெளிக்கிட்டபோது எங்கள் நாயை அவிழ்த்துவிட்டு வந்தோம். உங்கள் வரியை வாசித்த அன்று எனக்கு நித்திரை இல்லை. எழுதியவர் இடம்பெயர்ந்தவரா? (ஒரு தாய், விசுவமடு)

இல்லை அம்மா. வீடு மாறியிருக்கிறார், இடம்பெயரவில்லை.

ஆனால் அந்த நாயை அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். தெருநாய் இல்லை அது. எசமான் இருக்கிற நாய். வேறு எங்காவது போய் ஏதாவது தின்னலாம், போகவில்லை. படலையில் கிடக்கிறது. எல்லாளன் கதையில் மாடு மணியை இழுத்தால் அரசன் எழும்பி வருவான். பிளேக்கின் நாய்க்கு மணி இல்லை.

நாங்கள் 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம். உழவு இயந்திரப் பெட்டியில் அச்சகத்துச் சாமானில் எதை ஏற்றுவது என்று மகனோடு சண்டை. தமிழ் எழுத்துப் பெட்டி இரண்டை ஏற்றினேன். தருமபுரம் தாண்டியதும் அரிசி மூட்டைக்கு இடம் வேண்டுமென்று அவற்றையும் இறக்கினோம். நாய் பின்னால் ஓடிவந்தது. கல் எறிந்தால் திரும்பிப் போகும் என்று நினைத்து எறிந்தேன். போகவில்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. இரண்டாவது கல் பட்டது. பிறகு அது படலைக்கே திரும்பிப் போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன், எங்களுடைய நாய் அப்படித்தான். மனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் படுத்திருந்த மாதங்களில் அந்தப் படலை எனக்குத் தெரியும். வீடு தெரியாது, அச்சகம் தெரியாது, படலை தெரியும். 2010-ல் வந்து பார்த்தால் படலைக் கட்டை ஒன்று மட்டும் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன இதழில் வந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது, பிழை என்னுடையது. 'நாட்டுக்கு வரப்போகும் அழிவு' என்று போட்டேன். பிளேக் எழுதிய சொல் நாடு இல்லை, அரசு. மாஸ்ரரும் அரசு என்றுதான் சொல்லித் தந்தார். நாடு என்று மாற்றியது என் கை. ஏன் மாற்றினேன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அச்சுக்கோர்க்கிறவன் தெரிந்து பிழை விடக்கூடாது. ஆகவே,

பிழைதிருத்தம்: கடந்த இதழ், இப்பகுதியின் கடைசி வரி. "எசமானின் படலையில் பட்டினி கிடக்கும் நாய், அரசின் அழிவை முன்கூட்டிச் சொல்லும்" என்று திருத்தி வாசிக்கவும்.

உங்கள் அச்சகத்தில் ஏதாவது மிஞ்சியதா? (அதே பிளெக்ஸ் கடை இளைஞர்)

கூரை எரிந்தபோது எழுத்துப் பெட்டிகளில் இருந்த ஈயம் உருகி ஓடி, சீமெந்துத் தரையில் உறைந்திருந்தது. கெந்திக் கெந்தி ஒரு கட்டியைக் கிளப்பினேன். மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் ஒரே ஒரு எழுத்து உருகாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ர-வா துணைக்காலா என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடி வாங்கிய பிறகும்தான்.